பூட்டாத வைஃபை

கேபிளை இழுத்து, சுவரில் துளை போட்டு, பெட்டியை மாட்டி முடித்த பிறகு கனெக்‌ஷன் கொடுக்க வந்தவர் கேட்பார்: "வைஃபைக்கு என்ன பேர் வைக்கட்டும் சார், பாஸ்வேர்டு என்ன போடட்டும்?" பெரும்பாலான வீடுகளில் பிள்ளையின் பெயரோ செல்பேசி எண்ணோ பதிலாக வரும். அரை நிமிட வேலைதான். அந்த அரை நிமிடத்துக்குள் வீட்டுக்காரர் மிகப் பழைய அறக்கேள்வி ஒன்றுக்கும் பதில் சொல்லிவிடுகிறார். வீட்டைத் தாண்டி வழிகிற ஒன்றை அடுத்தவர் எடுத்துக்கொண்டால், அது திருட்டா?

வைஃபை வழியத்தான் செய்யும். 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைக்குச் செங்கல் சுவர் பெரிய தடையில்லை. மாடி வீட்டுக்கும் பக்கத்து வீட்டுப் படுக்கையறைக்கும் போகும், வாசலில் நிற்கும் ஆட்டோவையும் எட்டும். பாஸ்வேர்டு இல்லையென்றால் அங்கிருப்பவர் பெயரைத் தொட்டாலே போதும், இணைந்துவிடலாம். வேலி தாண்டவில்லை, பூட்டை உடைக்கவில்லை. எடுத்தவருக்கு லாபம், கொடுத்தவருக்கோ எதுவும் குறைந்ததாகத் தெரியவில்லை.

சுமார் 1,700 ஆண்டுகளுக்கு முன்பு பாபிலோனியாவில் வாழ்ந்த யூத அறிஞர்கள் இதே முடிச்சை அவிழ்க்க உட்கார்ந்தார்கள். யூதச் சட்ட நூலான தால்முதின் 'பாபா கம்மா' பகுதியில் அந்த விவாதம் இருக்கிறது. வாடகைக்கு விடும் எண்ணமில்லாத ஒரு வீட்டு முற்றம் சும்மா கிடக்கிறது. உரிமையாளருக்குத் தெரியாமல் ஒருவன் அதில் தங்கிவிடுகிறான். வேறிடத்தில் தங்கியிருந்தால் அவனுக்கு வாடகைச் செலவு ஆகியிருக்கும். அவன் பயனடைந்தான், இவர் எதையும் இழக்கவில்லை. அப்படியானால் அவன் வாடகை தர வேண்டுமா? வேண்டியதில்லை என்ற பக்கமே பின்னாளில் வலுப்பெற்றது. ஆனால் அதே விவாதத்தில் ஒரு சிறு குறுக்கீடும் வருகிறது: அவன் தங்கியதால் சுவரில் கரி படிந்திருந்தால்? சிறிதளவு கரி படிந்தாலும், இழப்பில்லை என்ற வாதம் நிற்காது.

வைஃபையின் சுவரில் கரி படிகிறதா என்பதுதான் கேள்வி. படிகிறது. பொதுவாக ஒரு சேனலில் ஒரு நேரத்தில் ஒரு கருவிதான் பேச முடியும். மற்றவை காத்திருக்க வேண்டும். தொலைவில், மங்கலான சிக்னலில் இருக்கும் கருவி மெதுவாகப் பேசும். அதே அளவு தகவலை அனுப்ப அது அதிக நேரம் எடுத்துக்கொள்ளும். இரண்டு சுவர் தாண்டிப் படம் பார்க்கும் பக்கத்து வீட்டுக் கைபேசியால், ரூட்டருக்குப் பக்கத்திலேயே அமர்ந்து பாடம் கேட்கும் பிள்ளையின் வேகமும் குறையும். இந்தக் கரி கண்ணுக்குத் தெரியாததால், குறை நெட் கம்பெனி மேல் போய் விழும்.

இதைவிட அடர்ந்த கரியும் உண்டு. வீட்டுக்குள் ஒவ்வொரு கருவிக்கும் பெரும்பாலும் 192.168 என்று தொடங்கும் தனித்தனி முகவரியை ரூட்டர் கொடுக்கிறது. வெளியுலகத்துக்கு அவை தெரியாது; அத்தனை கருவிகளும் ஒரே பொது முகவரியில்தான் வெளியே போகின்றன. யார் எதைச் செய்தாலும் அது அந்த வீட்டின் பெயரில்தான் பதியும். 2008 ஜூலை 26 அன்று அகமதாபாத் தொடர் குண்டுவெடிப்புக்குச் சில நிமிடங்கள் முன்பு ஊடகங்களுக்கு ஒரு மின்னஞ்சல் வந்தது. அதன் தடம் நவி மும்பையில் குடியிருந்த ஓர் அமெரிக்கரின் வீட்டுக்குப் போனது. பூட்டாமல் கிடந்த அவருடைய வைஃபையை வேறு யாரோ பயன்படுத்தியிருந்தார்கள்.

அதே ஆண்டு ஜனவரியில், கணினிப் பாதுகாப்பில் உலகறிந்த நிபுணரான புரூஸ் ஷ்னையர், தன் வீட்டு வைஃபையைத் தான் பூட்டுவதில்லை என்று எழுதியிருந்தார். வீடு தேடி வந்தவருக்கு வெப்பமும் மின்சாரமும் சூடாகத் தேநீரும் தருவது போன்ற அடிப்படை மரியாதை என்று அதை அவர் பார்த்தார். திண்ணை வைத்து வீடு கட்டிய ஊர்க்காரர்களுக்கு இந்த மனம் புரியாமல் போகாது. வழிப்போக்கர் அமர்ந்து எழுந்துபோக, யாரையும் கேட்காமல் ஒதுக்கிவைத்த இடம் அது.

ஆனால் திண்ணையை யாரும் நடுக்கூடத்தோடு குழப்பிக்கொள்வதில்லை. எது வந்தவருக்கு, எது வீட்டாருக்கு என்பதை வீட்டின் அமைப்பே சொல்லிவிடும். பூட்டாத வைஃபைக்கு அந்தத் தெளிவு இல்லை. பெருந்தன்மையால் திறந்திருக்கிறதா, ரூட்டர் கடையிலிருந்து வந்த கோலத்திலேயே கிடக்கிறதா என்பது வெளியே நிற்பவருக்குத் தெரியாது.

இந்த இடத்தில் இந்திய மரபின் பார்வை கூர்மையானது. சமண அறிஞர் உமாஸ்வாதியின் தத்துவார்த்த சூத்திரம் திருட்டுக்கு வரையறை சொல்லும்போது இழப்பைப் பற்றிப் பேசவே இல்லை. கொடுக்கப்படாததை எடுப்பதுதான் திருட்டு என்கிறது. பௌத்தத்தின் இரண்டாவது சீலமும் அதே சொல்லைக்கொண்டே அமைந்தது. வள்ளுவரின் கள்ளாமை அதிகாரம் இன்னும் உள்ளே போய், எடுக்க நினைப்பதையே குற்றத்தில் சேர்க்கிறது. 2016இல் துபாயின் இஸ்லாமிய விவகாரம் மற்றும் அறப்பணித் துறையிடம் பக்கத்து வீட்டு வைஃபையைப் பற்றியே ஒருவர் கேட்டபோது கிடைத்த பதிலும் இதுதான்: பக்கத்து வீட்டுக்காரர் அனுமதித்தால் பயன்படுத்தலாம், இல்லையென்றால் கூடாது. கரி படிந்ததா என்று சுவரைத் தடவிப் பார்க்கிற வேலை இந்த வரையறையில் இல்லை. கேட்டாயா, கொடுத்தாரா, அவ்வளவுதான். மனிதரை மனிதரோடு பேசவைப்பதால் இதுவே மேலான வரையறை.

அப்படியானால், கொடுப்பவரும் வாயைத் திறந்து சொல்ல வேண்டும். ஜெர்மனியில் இது நீதிமன்றம்வரை போனது. தனியார் வைஃபையைப் போதிய அளவு பூட்டாமல் விட்டவர், பிறர் செய்த காப்புரிமை மீறலுக்கு ஓரளவு பொறுப்பேற்க வேண்டும் என்று 2010இல் கூட்டாட்சி உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அந்தப் பொறுப்பைப் பெருமளவு நீக்கிச் சட்டம் மாறியது 2017இல். இந்தக் காலமெல்லாம் 'ஃப்ரைஃபுங்க்' என்ற தன்னார்வலர் இயக்கம் பெர்லினின் ஜன்னல்களிலும் கூரைகளிலும் ரூட்டர்களை வைத்துத் தன் இணைப்பைப் பொதுவில் பகிர்ந்துவந்தது. கைபேசியின் பட்டியலில் 'பெர்லின்.ஃப்ரைஃபுங்க்.நெட்' என்ற பெயர் தெரியும், பக்கத்தில் பூட்டுக் குறி இருக்காது. இது உனக்கும்தான் என்பதை அந்தப் பெயரே அறிவித்துவிடுகிறது.

இங்கே விற்கும் பல ரூட்டர்களின் அட்மின் பக்கத்தில் 'கெஸ்ட் நெட்வொர்க்' என்றொரு பகுதி உண்டு. பலர் அதைத் திறந்தே பார்த்ததில்லை. அதற்குத் தனிப் பெயரும் தனி பாஸ்வேர்டும் வைக்கலாம். அதில் இணைபவருக்கு நெட் கிடைக்கும்; வீட்டின் கேமராவும் பிரின்டரும் அவர் கண்ணில் படாதபடி தடுக்கலாம். சில மாடல்களில் வேகத்துக்கு வரம்பும் வைக்கலாம். எதிர்வீட்டில் நெட் போய், பிள்ளைக்கு ஆன்லைன் தேர்வு தொடங்கப்போகும் காலையில், அந்த பாஸ்வேர்டை ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக் கொண்டுபோய்க் கொடுத்துவிடலாம்.