ஒரு பழைய காரும் ஒரு பழைய வினாவும்

பழுதுபட்ட ஒன்றைத் திருத்துவதா, கழற்றிப் பகுதி பகுதியாகக் கொடுத்துவிடுவதா என்பது கராஜ்காரர் தீர்க்கவேண்டிய வினா என்றே நாம் எண்ணிப் பழகிவிட்டோம். நானும் அவ்வாறே எண்ணியிருந்தேன். சென்ற ஆண்டு அயல்வீட்டு மாமி என்னை அழைத்து, வேப்பமரத்தின்கீழ் நொறுங்கி நின்ற மொறிஸ் மைனரைக் காட்டி, “தம்பி, நீ படிச்ச பிள்ளை. இதை என்ன செய்யிறதெண்டு சொல்லு” என்று கேட்டபோதுதான், அஃது அறத்தைப் பற்றிய வினாவுமாகும் என்பது எனக்கு உறைத்தது.

அந்தக் கார் 1958ஆம் ஆண்டில் செய்யப்பட்டது. மாமியின் கணவர் நாற்பது ஆண்டுகளுக்கு மேலாக அதை வாடகைக்கு ஓட்டினார். எங்கள் ஊரின் கலியாணங்களும் செத்தவீடுகளும் பிள்ளைப்பேறுகளும் அதன் பின் ஆசனத்தை அறியும். அவர் காலமாகிய மறுவருடம், உறவினர் ஒருவர் அதனை ஓட்டிச் சென்றபோது சந்தியொன்றில் டிப்பர் லொறி மோதியது. உயிர்ச்சேதம் இல்லை. காரின் முன்பக்கம் மட்டும் இடம் பெயர்ந்துவிட்டது.

அதன்மேல் மூவருடைய கண் விழுந்தது. கனடாவிலிருக்கும் மூத்த மகன், எவ்வளவு செலவானாலும் திருத்தி வீட்டில் வைக்கவேண்டும் என்றார். கொழும்பில் பழைய கார்கள் சேகரிக்கும் ஒருவர் நல்ல விலை பேசினார். பக்கத்து ஊரில் இன்னும் ஒரு மைனரை வாடகைக்கு ஓட்டிப் பள்ளிப் பிள்ளைகளை ஏற்றி இறக்கும் சாரதி ஒருவர், எஞ்சினையும் கியர்ப்பெட்டியையும் தமக்குத் தரமுடியுமா என்று தயங்கித் தயங்கிக் கேட்டார்.

முதலில் நான் மகனுடைய பக்கமே நின்றேன். அதற்குக் காரணம் உண்டு. 1990இல் போர் மீண்டும் மூண்டபின் வடக்கிற்கு எரிபொருள் வருவது தடைப்பட்டது. அக்காலத்தில் யாழ்ப்பாணத்துக் கார்கள் மண்ணெண்ணெயில் ஓடின. காபரேற்றரில் சில துளி பெற்றோலை விட்டு எஞ்சினை உயிர்ப்பித்து, அது சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். அழுத்த விகிதம் குறைந்த பழைய எஞ்சின்களே இதற்கு இணங்கின. உள்ளே கரி படியும். எரியாத மண்ணெண்ணெய் எஞ்சின் எண்ணெயிற் கலந்து அதனை நீர்க்கச் செய்யும். 1995 ஒக்ரோபர் 30ஆம் திகதி இரவு வலிகாமத்து மக்கள் இலட்சக்கணக்கில் வீடுகளை விட்டு நாவற்குழிப் பாலத்தை நோக்கிப் பெயர்ந்தபோது, இந்தக் காரே எங்கள் ஒழுங்கையின் நடக்கமாட்டாத முதியவர்களை, நடப்பவர்களுடைய வேகத்திலேயே ஊர்ந்து கொண்டுபோய்ச் சேர்த்தது. எனக்கு அப்போது நினைவு தெரியாத வயது. அம்மா சொல்லக் கேட்டதுதான். இத்தகைய ஒன்றைத் துண்டுபோட்டு விற்பதா என்று மகனுக்குச் சற்று உணர்ச்சியாகவே எழுதிவிட்டேன். அந்தக் கடிதத்தை நினைத்தால் இன்று நாணமாக இருக்கிறது.

இவ்வினாவை மெய்யியலாளர் முன்னரே கேட்டிருக்கின்றனர். தீசியஸ் என்னும் வீரனுடைய கப்பலை அதென்ஸ் மக்கள் பேணிவந்ததையும், உளுத்த பலகையைக் கழற்றிப் புதியதைப் பூட்டியதையும், அது பழைய கப்பல்தானா என்று அறிஞர் வாதிட்டதையும் புளூட்டாக் எழுதினார். கழற்றிய பழைய பலகைகளைச் சேர்த்து இன்னொரு கப்பலைக் கட்டினால் எது உண்மைக் கப்பல் என்று 1655இல் தொமஸ் ஹொப்ஸ் வினவினார். எமக்கு இன்னும் நெருங்கியது ‘மிலிந்த பஞ்ஹ’ என்னும் பாளி நூல். தேரில் வந்த மிலிந்த மன்னனை நோக்கி நாகசேன தேரர் கேட்கிறார்: அச்சுத் தேரா? சில்லுத் தேரா? நுகம் தேரா? மன்னன் ஒவ்வொன்றுக்கும் இல்லை என்கிறான். பகுதிகளைச் சார்ந்து வழங்கும் ஒரு பெயரே தேர் என்ற முடிவுக்கு இருவரும் வருகின்றனர்.

அறிவுக்கு விருந்தான உரையாடல்தான். எனினும் அதில் ஒரு குறையுண்டு. மன்னன் தேரில் வந்தான் என்றால், ஓட்டிவந்தவன் ஒருவன் இருந்திருப்பான். அவனை யாரும் கேட்கவில்லை. எந்த அச்சு எந்தக் குழியில் முனகும், எந்தச் சில்லு அடுத்த மழைக்குத் தாங்காது என்பதை அறிந்தவன் அவன். உடைந்தாற் கூலியை இழப்பவனும் அவனே.

நான் தேரோட்டியைத் தேடிப் போனேன். ஐம்பது ஆண்டுகளாக இந்தக் காரைத் திருத்திவந்த மெக்கானிக் நேரில் வந்து பார்த்தார். அவர் முதலில் எஞ்சினைத் தொடவில்லை. கதவுகளைத் திறந்து மூடினார். ஒன்று மூடவில்லை. பின்னர் நூலொன்றை எடுத்து மூலைக்கு மூலை பிடித்து அளந்தார். மொறிஸ் மைனருக்குத் தனியான சசி கிடையாது. தரையும் ஓரப் பெட்டிகளும் எஞ்சினைத் தாங்கும் இரு நீள்கால்களும் சேர்ந்த தகட்டுக் கூடே அதன் முதுகெலும்பு. முன் சில்லுகளைத் தாங்கும் முறுக்குத் தண்டுகளும் அக்கூட்டிலேயே பூட்டப்பட்டுள்ளன. நீள்கால் வளைந்தால் முழுக் காரும் கோணும்.

“மாஸ்ரர், எஞ்சின் சுகம், கியர்ப்பெட்டி சுகம், பின் அச்சும் சுகம். கூடுதான் செத்துப்போச்சு” என்றார் அவர். “அந்த நாளையில பீப்பாத் தகட்டை வெட்டி இதைச் செய்து குடுத்தனான். இப்பவும் செய்யலாம். நாலு மாசம் வேணும். செய்து ஆர் ஓடுறது?”

இதற்கு என்னிடம் விடையில்லை. மகன் திரும்பி வரப்போவதில்லை. மாமி கார் ஓட்டப்போவதில்லை. அறுபது கடந்த, உதவிக்கு ஒரு பொடியனும் இல்லாத ஒரு தொழிலாளியின் நான்கு மாத உழைப்பு, கொட்டிலுக்குள் நிற்கும் ஒரு நினைவுச்சின்னமாக முடியும். கூலி கிடைக்கும் என்பது உண்மையே. ஆயினும் தன் உழைப்பு எதற்குப் பயன்படப்போகிறது என்று கேட்கும் உரிமை கூலியோடு விலைப்பட்டுவிடுவதில்லை.

தூய்மை பற்றிய பேச்சும் இங்கே நிற்காது. இக்காரை வடிவமைத்த அலெக் இசிகோனிஸ், 1948இல் அது வெளிவருவதற்கு முன்னர், மாதிரிக் கார் ஒடுக்கமாக இருக்கிறதென்று நடுவால் வெட்டி, நான்கு அங்குலம் அகட்டி ஒட்டினார். பொனற்றின் நடுவிலே ஓடும் பட்டி அதன் சான்று. ஒஸ்ரின் நிறுவனமும் மொறிஸ் நிறுவனமும் 1952இல் இணைந்தபின், மொறிஸின் வயிற்றில் ஒஸ்ரின் எஞ்சினே வைக்கப்பட்டது. வெட்டியும் ஒட்டியும் கடன் வாங்கியும் பிறந்த ஒன்று, பதினாறு இலட்சத்துக்கு மேல் செய்யப்பட்டு 1971இல் நின்றது. நாங்கள் அதற்குக் குலம் கோத்திரம் பார்க்கிறோம்!

திருத்துவதற்கு ஆதரவான வலிய வாதமொன்று உண்டு, அதை மறைக்கலாகாது. இங்கிலாந்தின் பாத் நகரில் 1976இல் மொறிஸ் மைனர் நிலையத்தைத் தொடங்கிய சார்ள்ஸ் வேர், தேய்ந்த பகுதியை மாற்றி ஒரே காரை நீண்டகாலம் வைத்திருப்பதே சிக்கனமென்று 1982இல் நூலெழுதினார். பின்னர் அவருடைய முயற்சியில் மைனருக்கான தகடுகளை இலங்கையிலேயே செய்து பிரித்தானியாவுக்கு அனுப்பினார்கள். ஆண்டானுடைய காருக்கு அடிமைநாடு உடல் செய்துகொடுத்த விநோதத்தை வேறொருநாள் எழுதவேண்டும். வீசிவிட்டுப் புதியதை வாங்கு என்று முதலாளித்துவச் சந்தை கூவும்போது, திருத்து என்பது எதிர்க்குரல்தான். ஆனால் வேர் பேசியது ஓடும் காரைப் பற்றி. பக்கத்து ஊர்ச் சாரதி செய்வதும் அதையே. எங்கள் காரின் கியர்ப்பெட்டி அவருடைய காருக்குப் போவது அழிவன்று. அதுவும் திருத்தமே, திருத்தப்படும் கார் வேறு என்பதைத் தவிர.

தடைக்காலத்தில் நாங்கள் திருத்தினோம், ஏனெனில் வேறு வழி இருக்கவில்லை. அந்த வறுமையின் திறமையை இன்று பண்பாடென்று புகழ்வோர் பலர். அவர்களுள் எஞ்சினின் தலையைக் கழற்றிக் கரி சுரண்டியவர் எவரையும் நான் கண்டதில்லை. நானும் சுரண்டியவனல்லன்.

இவ்வளவு தெளிந்தபின் மாமியிடம் போய், சாரதிக்கே கொடுங்கள் என்று சொல்ல வாயெடுத்தேன். ஆனால் அவர் தரக்கூடிய விலை, கொழும்புக்காரர் சொன்னதிற் பாதிகூட இல்லை. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டதிலிருந்து பழைய கார்களின் விலை ஏறியது. 2025இல் தனியார் கார்கள் மீண்டும் வரத் தொடங்கியபோதும் அந்த நினைப்பு இறங்கவில்லை. ஓய்வூதியமில்லாத ஒரு விதவையின் பணத்தைக் கொண்டு நான் சமூகநீதி செய்வதா? மாதச் சம்பளக்காரன் பிறர் கையால் தர்மம் செய்வது எங்கள் வர்க்கத்தின் பழைய வியாதி. விலைகள் இரண்டையும், மெக்கானிக் சொன்னதையும் அப்படியே சொல்லிவிட்டு வாயை மூடிக்கொண்டேன்.

கொழும்புக்காரர் வேண்டியது உண்மையில் காரையன்று என்பது பிறகே வெளிவந்தது. அவரிடம் பத்திரமில்லாத மைனர் ஒன்று நிற்கிறது. அதற்கு எங்கள் காரின் பதிவுப் புத்தகமும், சசி இலக்கத் தகடும், ‘ஸ்ரீ’ எழுத்துள்ள இலக்கத் தகடும் தேவை. 1957இல் அந்தச் சிங்கள எழுத்து வாகனங்களில் ஏறியதற்கு எதிராக எழுந்த போராட்டத்தையும், 1958இன் வன்செயல்களையும் அறிந்தவர்களுக்கு, அது இன்று சேகரிப்போர் தேடும் அலங்காரமாகியிருப்பது வேடிக்கையாக இருக்கும். நாகசேனர் தேர் வெறும் பெயர் என்றார். இவர் அந்தப் பெயரை மட்டும் விலைக்குக் கேட்டார்.

மாமி இரண்டு நாள் யோசித்தார். “ஓடாத காரை நான் எத்தினை மாரிக்குப் பாத்துக்கொண்டிருக்கிறது?” என்று மகனுக்குத் தொலைபேசியிற் சொன்னார். மகன் சிறிதுநேரம் பேசவில்லை. பின்னர் ஸ்ரியரிங்கை மட்டும் அனுப்பும்படி கேட்டார். எஞ்சினும் கியர்ப்பெட்டியும் பின் அச்சும் சாரதிக்குத் தவணை முறையிற் போயின. மாமி விலையில் விட்டுக்கொடுத்தது சிறிதே. பம்பர், விளக்குகள், முன் கிரில் ஆகியவற்றைக் கொழும்புக்காரருக்கே, நான் கேட்கக் கூசியிருக்கக்கூடிய விலைக்கு, அவர் விற்றார். கூட்டின் பின்பாதியில் துருவேறாத தகட்டை வெட்டியெடுக்க மெக்கானிக் ஞாயிறுதோறும் வருகிறார்.

பதிவுப் புத்தகம் மாமியின் இரும்புப் பெட்டிக்குள் இருக்கிறது. கொழும்புக்காரர் இன்னும் தொலைபேசி எடுக்கிறார். ஒவ்வொரு முறையும் விலை சற்று ஏறுகிறது.