சாயம் எந்த ஊர்க் கணக்கு?

காதர்பேட்டையில் டி-ஷர்ட்டைப் புரட்டிப் பார்த்தால் கடைக்காரர் சொல்வார்: "எக்ஸ்போர்ட் பீஸுங்க தம்பி. எங்கியாவது ஒரு தையல் விட்டிருக்கும், அவ்ளோதான்." அதோடு சேர்ந்து தைத்த மற்ற சட்டைகள் கப்பலேறிப் போயிருக்கும். நூற்க, பின்ன, சாயமேற்ற எரித்த கரி இரண்டுக்கும் ஒன்றுதான். நாடுகளின் உமிழ்வுக் கணக்கிலும் இரண்டும் இந்தியாவின் பேரில்தான் ஏறும். போட்டுக்கொள்வது யார் என்று அந்தக் கணக்கு கேட்பதில்லை.

ஒரு நாடு தன் ஆலைப் புகைக்கு விலை வைத்தால், உற்பத்தி விலை வைக்காத நாட்டுக்குப் போய்விடலாம். புகை குறையாது, இடம்தான் மாறும். இதற்குப் பெயர் கார்பன் கசிவு. இதைத் தடுக்க ஐரோப்பிய ஒன்றியம் தன் எல்லையில் ஒரு கட்டணம் வைத்திருக்கிறது. 2023 அக்டோபரில் வெறும் கணக்குக் காட்டலாகத் தொடங்கியது, 2026 ஜனவரி முதல் பணப் பொறுப்பாகிவிட்டது. இரும்பு, அலுமினியம், சிமென்ட், உரம், ஹைட்ரஜன், மின்சாரம் இப்போதைய பட்டியலில் இருக்கின்றன. பனியன் இல்லை.

'வெள்ளைக்காரன் புதுசா ஒரு வரி போடுறான்' என்று சொல்லிவிட்டுப் போவது சுலபம். ஆனால் கசிவு என்றால் என்ன என்று திருப்பூருக்கு நன்றாகவே தெரியும்.

நொய்யலின் குறுக்கே ஒரத்துப்பாளையம் அணை 1992-இல் கட்டி முடிக்கப்பட்டது. பாசனத்துக்கென்று கட்டிய அணையில் சாயத்தண்ணீர் நின்றது. தண்ணீர் விடுங்கள் என்று கேட்க வேண்டிய விவசாயிகள், விடாதீர்கள் என்று கேட்க வேண்டியதாயிற்று. ஆயக்கட்டு விவசாயிகள் நீதிமன்றம் போனார்கள். ஒரு சொட்டுக் கழிவும் ஆற்றுக்குப் போகக்கூடாது என்ற நிபந்தனை நிறைவேறாததால், 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்டது. எழுநூறுக்கும் மேற்பட்ட பட்டறைகள் நின்றன.

ஆனால் ஆர்டர்கள் நிற்கவில்லை. துணி லாரியேறி வெளியூருக்கும் வெளிமாநிலத்துக்கும் சாயமேறப் போனது. பக்கத்து மாவட்டங்களில் அனுமதியில்லாத பட்டறைகள் முளைத்தன. இங்கே ஓடாத சாயம் வேறெங்கோ ஓடியது.

அப்படியானால் தீர்ப்பு தப்பா? இல்லை. பக்கத்து ஊரில் ஒருவன் திருடுவான் என்பதற்காக நான் திருடலாம் என்றாகிவிடாது. சட்டம் ஓர் இடத்தோடு கட்டப்பட்டிருந்தது, துணிக்குச் சக்கரம் இருந்தது. அதுதான் சிக்கல். காசு போட்டுச் சுத்திகரிக்கிற பட்டறைக்காரர், "அவன் ராத்திரியில ஆத்துல திறந்து விடுறான். அவன் ரேட்டுக்கு நான் எப்படிங்க கட்டுவேன்?" என்று கேட்டால் அதில் நியாயம் இருக்கிறது. ஐரோப்பிய இரும்பாலைக்காரர் கேட்பதும் இதே கேள்விதான்.

இதுவரை நான் ஐரோப்பாவின் பக்கம். இதற்கு மேல் முடியவில்லை.

திருப்பூரில் தண்டனையோடு ஒரு கையும் நீண்டது. பொது சுத்திகரிப்பு நிலையங்களுக்காக 200 கோடி ரூபாய் வட்டியில்லாக் கடனைத் தமிழக அரசு அறிவித்தது. பட்டறைக்காரருக்கு வாதாட நீதிமன்றம் இருந்தது, அரசைக் கேட்க ஓட்டு இருந்தது. பிரஸ்ஸல்ஸில் நமக்கு ஓட்டு கிடையாது. எல்லைக் கட்டணம் போய்ச் சேருவதும் அவர்கள் கஜானாவுக்கு. புகை மட்டும் இங்கேயே இருக்கும். ஒரத்துப்பாளையம் முடிந்த அதே 1992-இல்தான் ரியோவில் காலநிலை உடன்படிக்கை கையெழுத்துக்கு வந்தது. பொறுப்பு எல்லோருக்கும் பொது, ஆனால் ஒரே அளவல்ல என்று அது சொல்கிறது. இருநூறு வருஷம் கரி எரித்தவருக்கும் நேற்று ஆரம்பித்தவருக்கும் டன்னுக்கு ஒரே விலை என்றால் அந்த வாக்கு என்னவாயிற்று?

சுத்தம் இலவசமாக வருவதில்லை. உப்புத்தண்ணீரை ஆற்றில் விடாமல் ஆவியாக்க வேண்டுமென்றால் கொதிகலனில் விறகோ நிலக்கரியோ எரிய வேண்டும். ஆறு பிழைக்கிறது, வானத்துக்குப் புகை போகிறது. இந்தச் செலவை யாராவது ஏற்கத்தான் வேண்டும். எல்லையில் வாங்குகிற பணம், கொதிகலனை மாற்றுகிற கடனாகவோ மானியமாகவோ புகை எழும் ஊருக்கே திரும்பட்டும். அப்போது அது நியாயமான கட்டணம். திரும்பாதவரை அது சுங்கம்தான்.

இவ்வளவும் கப்பலேறிய சட்டையைப் பற்றி. காதர்பேட்டையில் நான் வாங்கியது எந்த எல்லையையும் தாண்டவில்லை, அதன் புகைக்கு யாரும் என்னிடம் விலை கேட்கப்போவதில்லை. நானும் கேட்கவில்லை. இருபது ரூபாய் குறைத்துக்கொள்ளச் சொல்லித்தான் கேட்டேன். குறைத்துக் கொடுத்தார்.