உணவிற் பங்கசும் உண்போர் தெரிவும்

1974ஆம் ஆண்டின் பிற்பகுதியில், மேற்கிந்தியாவின் இராசத்தான், குசராத்து மாநிலங்களைச் சேர்ந்த பழங்குடிக் கிராமங்கள் பலவற்றில் ஒரு நோய் பரவியது. காமாலை கண்டது, வயிறு நீர் கோத்து வீங்கியது, நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டனர். தொற்றுநோயென்றே எவரும் எண்ணியிருக்கக் கூடும். ஆயின், நோயுற்றோரின் வீடுகளில் அவர்தம் உணவையே பகிர்ந்துண்ட நாய்களும் அதே குறிகளுடன் இறந்தமை ஆய்வாளர் கவனத்தை உணவின்பாற் திருப்பியது. பருவந்தப்பிய மழையில் நனைந்து, சரிவரக் காயாமற் சேமிக்கப்பட்ட சோளத்தில் அஸ்பெர்ஜிலசு பிளேவசு என்னும் பங்கசு வளர்ந்து, ஈரலைத் தாக்கும் அபிளாற்றொக்சின் என்ற நஞ்சை உண்டாக்கியிருந்தது.

இந்நஞ்சு அன்று புதிதாக அறியப்பட்டதொன்றன்று. 1960இல் இங்கிலாந்தில் ஓரிலட்சத்திற்கு மேற்பட்ட வான்கோழிக் குஞ்சுகள் காரணந் தெரியாமல் மடிந்தன. பிரேசிலிலிருந்து தருவிக்கப்பட்ட நிலக்கடலைப் புண்ணாக்கே காரணமென விரைவிற் கண்டறியப்பட்டது. நஞ்சு பிரித்தெடுக்கப்பட்டுப் பெயரும் பெற்றது. பொரித்து ஒரு நாளேயான வாத்துக் குஞ்சுகளுக்கு ஊட்டி, அவற்றின் ஈரலிற் காணும் மாற்றங்கொண்டு நஞ்சின் அளவை மதிப்பிட்டனர். ஆகவே, பறவைகளின் சாவினாற் பெற்ற அறிவு மேற்கிந்தியக் கிராமத்துச் சாவுகளுக்குப் பத்தாண்டுக்கு முன்னரே நூலகங்களில் இருந்தது. வான்கோழி வளர்ப்போரின் முதலைக் காத்த அவ்வறிவு, சோளத்தையன்றி வேறு தானியமில்லாதவனின் குடிசை வரை செல்லவில்லை. ஈண்டு எழும் வினா விஞ்ஞானத்தின்பாற்பட்டது மட்டுமன்று.

பங்கசு என்றாலே நஞ்சு என அஞ்சுவோர் உளர். அவ்வச்சம் வாதமாகாது. சோயாக் குழம்பைப் புளிக்கவைக்கும் பங்கசும், மென்பானங்களிற் சேரும் சித்திரிக்கமிலத்தைத் தரும் பங்கசும் மேற்கூறிய அஸ்பெர்ஜிலசுச் சாதியைச் சேர்ந்தவையே. இறைச்சிக்கு மாற்றாக உண்ணப்படும் பங்கசுப் புரதம், இங்கிலாந்தின் மாலோ என்னும் ஊர் மண்ணிலிருந்து எடுக்கப்பட்ட பியூசேரியம் வெனினேற்றத்திலிருந்து பெறப்படுவது. அவ்வினப் பெயருக்கு இலத்தீனில் ‘நஞ்சூட்டப்பட்டது’ என்பது பொருள். பெயரிட்டோர் வணிகரல்லர் என்பது வெளிப்படை. பல்லாண்டுச் சோதனைகளின் பின்னர், 1985இல் அது பிரித்தானியச் சந்தைக்கு வந்தது. அருமையாகச் சிலருக்கு அது ஒவ்வாமையை உண்டாக்குவதுண்டு. ஐக்கிய அமெரிக்காவில் அதன் பொதிகளிலேயே இது குறிக்கப்படுகிறது. மறுபுறம், இயற்கையானது என்பதும் காப்புக்குச் சான்றன்று. 1974இல் உயிர்குடித்த சோளத்தை எந்தத் தொழிற்சாலையும் தொட்டதில்லை.

பொதியிற் குறித்துவிட்டால் உற்பத்தியாளன் கடமை முடிந்தது, எஞ்சியது உண்போனின் தெரிவு என்பது இக்காலத்திற் பரவலாக ஏற்கப்படும் கொள்கை. படிக்கத் தெரிந்து, மறுத்துவிட்டு வேறொன்றை வாங்கவும் இயன்றவனைப் பொறுத்தவரை அது நேர்மையான கொள்கையே. நாய் என்ன செய்யும்? ஐக்கிய அமெரிக்காவில் 2005இன் இறுதியிலும் 2020இன் இறுதியிலும், அபிளாற்றொக்சின் கலந்த நாயுணவினால் ஒவ்வொரு முறையும் நூறளவிலான நாய்கள் இறந்தனவென அறிவிக்கப்பட்டது. நாய் ஒரே மூடையிலிருந்து நாள்தோறும் உண்கிறது. மனிதன் காலையில் ஒன்றும் மாலையில் ஒன்றுமாக உண்பதால், ஒன்றிலுள்ள நஞ்சு மற்றவற்றால் ஐதாகிறது. நாய்க்கு அந்த வாய்ப்பில்லை. வேளைதோறும் சோளமே உண்ட பழங்குடி மகனுக்கும் அது இருக்கவில்லை. ஐக்கிய அமெரிக்காவில் மனித உணவுக்கும் வளர்ப்புப் பிராணி உணவுக்கும் பொதுவாக நூறு கோடிப் பங்கில் 20 பங்கு என்ற எல்லை வகுக்கப்பட்டுள்ளது. அந்த எண் உணவை அளக்கிறது, உண்போனை அளப்பதில்லை. பத்து வகை உண்பவனுக்கும் ஒன்றையே உண்பவனுக்கும் அந்த 20 ஒரே 20 அன்று. எல்லையை வகுப்போர் பெரும்பாலும் பத்து வகை உண்பவரே என்பதையும் மறத்தலாகாது.

எல்லையை மேலும் இறுக்கினாற் பெருமளவு தானியம் கொட்டப்படும், நஞ்சு கொல்லுமுன் பசி கொன்றுவிடும் என்பர். இது எளிதில் ஒதுக்கத்தக்க மறுப்பன்று. வறட்சி மாதங்களை அறியாதவரே இதனை இகழ்வர். ஆயினும், கொட்டப்படும் தானியத்தின் இழப்பை அதை விளைத்தவனே சுமக்கவேண்டும் என்ற எண்ணம் இதனுள் ஒளிந்திருக்கிறது. அவன் அதனைச் சுமக்கவேண்டுமென்று விதித்தவர் யார்? 2004இல் கெனியாவின் கிழக்குப் பகுதியில் இதே நஞ்சு சோளத்திற் கலந்தபோது, அரசு அதிகாரிகள் பழுதுற்ற சோளத்தை அகற்றியதோடு நில்லாது, ஈடாக உணவும் வழங்கினர். அதற்குள் நோயுற்றவர் 317 பேராயினர். 125 பேர் இறந்துவிட்டனர்.