எந்தப் பிரிவு? எதற்காக?

ஆண்டுதோறும் பத்தாம் வகுப்புத் தேர்வு முடிவுகள் வெளிவந்ததும் நம் கடற்கரை ஊர்களின் வீடுகளில் ஒரே கேள்வி எழுகிறது: "பிள்ளைக்கு எந்தக் குரூப்?" மணப்பாட்டிலும் அப்படித்தான். திருச்சிலுவை ஆலயம் நிற்கும் மணற்குன்றின் அடியில், கரையேற்றிய படகின் நிழலில் அமர்ந்து வலையைச் சரிசெய்யும் தந்தையர் இதைப் பேசுகின்றனர். மாலைத் திருப்பலி முடிந்து வெளியே வரும் அன்னையரும் இதையே பேசுகின்றனர். பதினைந்து வயதுப் பிள்ளையோ பெரும்பாலும் பேசாமல் நிற்கிறது.

மேல்நிலை வகுப்புகள் தமிழகத்தில் 1978-இல் தொடங்கிய நாள்முதல் இக்கேள்வி நம்மோடு இருக்கிறது. அறிவியல் பயில விரும்புவோர்க்கு இயற்பியலும் வேதியியலும் பொது. அவற்றோடு கணிதமா, உயிரியலா, அல்லது இரண்டுமா என்பதில்தான் வழி பிரிகிறது. பொறியியல் கலந்தாய்வின் தரவரிசை கணிதத்துக்கு 100, இயற்பியலுக்கு 50, வேதியியலுக்கு 50 என 200 மதிப்பெண்ணுக்குக் கணக்கிடப்படுகிறது. மருத்துவத்துக்கு உயிரியல் வேண்டும். 2017 முதல் நீட் தேர்வும் வேண்டும். அரசுப் பள்ளி மாணவர்க்கு 2020-இல் வந்த 7.5 விழுக்காட்டு உள் ஒதுக்கீடு, திருச்சபை நடத்தும் அரசு உதவிபெறும் பள்ளிகளில் படித்தவர்க்குக் கிடைப்பதில்லை. ஆகவே ஒரு சில நாள்களில் நிரப்பப்படும் சேர்க்கை விண்ணப்பம், ஒரு குடும்பத்தின் பல ஆண்டுச் சேமிப்பையும் கடனையும் திசைதிருப்பிவிடுகிறது. இதைச் சிறிய காரியம் என்று சொல்வதற்கில்லை.

ஒரு வீட்டை நினைத்துப் பார்ப்போம். மகள் கணக்கில் ஆர்வமுள்ளவள். கரையில் தெரியும் கோபுரத்தையும் கலங்கரை விளக்கத்தையும் ஒன்றோடொன்று சேர்த்துப் பார்த்துத் தந்தை கடலில் தம் இடத்தை எப்படி அறிகிறார் என்று கேட்டு, அதைத் தாளில் கோடு போட்டுப் பார்த்தவள். தந்தைக்கோ அவள் மருத்துவராக வேண்டும் என்ற ஆசை. ஊரில் நள்ளிரவில் ஒருவருக்கு நெஞ்சுவலி வந்தால் வண்டி தேடி அலைய வேண்டியிருக்கிறதே என்ற நியாயமான வேதனை அதில் பாதி. உறவினர் வீட்டுப் பிள்ளைக்கு இடம் கிடைத்துவிட்டதே என்ற எண்ணம் மற்றப் பாதி. முதற்பாதியை அவர் வாய்விட்டுச் சொல்கிறார். இரண்டாவதை அவரே அறிய மாட்டார். மகள் அப்பாவின் முகத்தைப் பார்த்து, "உயிரியலே எடுக்கிறேன்" என்கிறாள். வீட்டில் எல்லாருக்கும் மகிழ்ச்சி. இங்கே யார் தேர்ந்துகொண்டார்?

இந்தத் தந்தையைப் பழிப்பது நம் நோக்கமன்று. நம்மில் பலர் அவரே. ஆனால் இவ்விடத்தில், இதே கரையில் நடந்த ஒருவரை நினைவுகூர்வது நலம்.

1542-இல் முத்துக்குளித்துறைக்கு வந்த புனித சவேரியார் படிப்பை அறியாதவர் அல்லர். 1525-இல் பாரிசுப் பல்கலைக்கழகம் சேர்ந்து, 1530-இல் முதுகலைப் பட்டம் பெற்று, அங்கேயே மெய்யியல் கற்பித்தவர். மணப்பாட்டில் அவர் தங்கிச் செபித்ததாக நம் மக்கள் வழிவழியாகச் சொல்லும் குகைக்கு நாம் எத்தனையோ முறை சென்றிருக்கிறோம். ஆனால் 1544 சனவரியில், இம்மக்களிடையே உழைத்த ஓராண்டுக்குப்பின், கொச்சியிலிருந்து உரோமைக்கு அவர் எழுதிய மடலைப் பற்றி அவ்வளவாகப் பேசுவதில்லை. பல்கலைக்கழகங்களுக்குச் சென்று, சிறப்பாகப் பாரிசில், அறிவு மிகுந்தும் அதைப் பயன்படுத்தும் மனம் குறைந்தும் இருப்போரிடம் உரக்கக் கூவ வேண்டும்போல் தோன்றுகிறது என்று அதில் எழுதினார். அவர் கண்ட குறை படிப்பில் இல்லை. அதன் வரிசையில் இருந்தது. முதலில் பதவி கிடைக்கட்டும், பிறகு அதைக்கொண்டு இறைவனுக்குத் தொண்டு செய்வோம் என்று பலர் படிக்கின்றனர் என்பதே அவர் வருத்தம்.

அவருடைய தோழரும் ஆன்மீகத் தந்தையுமான புனித இஞ்ஞாசியாரும் தம் ஆன்மீகப் பயிற்சிகளில் இதே பிழையைச் சுட்டுகிறார். நோக்கத்தை முதலில் வைத்து வழியைத் தேர்வது முறை. வழியை முதலில் பிடித்துக்கொண்டு, நோக்கத்தை அதற்கேற்ப வளைப்பது முறைகேடு. நாமும் "எதற்காக?" என்று கேட்காமலே "எந்தக் குரூப்?" என்று கேட்கிறோம். இடம் உறுதியான பின்பு, "மக்களுக்குத் தொண்டு செய்யத்தான்" என்று காரணம் சேர்த்துக்கொள்கிறோம்.

இதற்கு இரண்டு மறுப்புகள் எழும். முதலாவது: "கடன்பட்ட வீட்டில் நோக்கம் பேச முடியுமா? பிள்ளைக்கு ஒரு வேலை கிடைத்தால் போதாதா?" குடும்பத்துக்கு உணவு தேடுவதும் நேரிய நோக்கமே, நாசரேத்து இல்லமும் கைத்தொழிலால் வாழ்ந்ததுதான். அப்படியானால் அதை வெளிப்படையாகவே சொல்லலாம். "நமக்கு இந்தக் கடன் இருக்கிறது, நீ சீக்கிரம் சம்பாதிக்க வேண்டியிருக்கிறது" என்று சொல்லும் பெற்றோர் பிள்ளையை மனிதராக மதிக்கின்றனர். பெருமையைத் தொண்டு என்று பெயர்மாற்றிச் சொல்வதுதான் பிள்ளையைக் குழப்புகிறது.

இரண்டாவது: "பதினைந்து வயதில் நோக்கம் எப்படித் தெரியும்? உயிரியலும் கணிதமும் சேர்ந்த பிரிவை எடுத்தால் இரண்டு கதவும் திறந்திருக்குமே." தாங்கக்கூடிய பிள்ளைக்கு இது நல்ல வழிதான். ஆனால் கோபுரம் கட்ட நினைப்பவர் முதலில் அமர்ந்து செலவைக் கணக்கிடுவார் என்று ஆண்டவர் சொன்னார் அல்லவா? நான்கு கடினமான பாடங்களின் சுமையைச் சுமப்பது பிள்ளை. சில வேளைகளில் திறந்திருக்கும் கதவுகள் நம் தயக்கத்தின் விலை. அதை நாம் கொடுப்பதில்லை, பிள்ளை தன் இரவுகளால் கொடுக்கிறது.

பிறகு எப்படித் தெளிவது? இஞ்ஞாசியார் ஓர் எளிய வழி தருகிறார். நாம் முன்பின் கண்டிராத, ஆனால் நலமே விரும்பும் ஒருவர் இதே நிலையில் நம்மிடம் வந்து நின்றால் என்ன சொல்வோம் என்று எண்ணி, அதையே நமக்கும் சொல்லிக்கொள்ளச் சொல்கிறார். பெற்றோர் இதைச் செய்து பார்க்கலாம். இதே மதிப்பெண், இதே ஆர்வம், இதே உடல்நலம், இதே வீட்டுநிலை கொண்ட வேற்றூர்ப் பிள்ளை ஒன்று வந்து, "நான் எதை எடுக்கட்டும்?" என்று கேட்டால் என்ன சொல்வோம்? அந்தப் பிள்ளையால் நமக்குப் பெருமையும் இல்லை, இழப்பும் இல்லை. ஆகவே உண்மையைச் சொல்வோம். அந்த விடையும் நம் பிள்ளைக்கு நாம் சொல்லும் விடையும் வேறுபட்டால், இடையிலுள்ள தூரம் முழுவதும் நம்முடைய ஆசை.

பாடங்களில் உயர்வு தாழ்வு இல்லை என்பதற்கு இக்கடற்கரையே சான்று. மன்னார் வளைகுடாவின் நம் பக்கத்தில் முத்துக்குளிப்பு 1961-உடன் நின்றது. ஆனால் 1973-இல் தூத்துக்குடியில் மத்தியக் கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தார், சிப்பியின் உடலியல்பைப் பொறுமையாகப் பயின்று, வளர்ப்பு முத்தை உருவாக்கிக் காட்டினர். அது உயிரியலின் கொடை. மணப்பாட்டுக்கு அருகே குலசேகரன்பட்டினத்தில், சிறிய செயற்கைக்கோள்களை ஏவும் தளத்துக்கு 2024 பிப்ரவரி 28 அன்று அடிக்கல் நாட்டப்பட்டது. அது கணிதமும் இயற்பியலும் எழுப்பும் பணி. ஏவும் நாள்களில் நம் படகுகளின் நிலை என்ன என்று கேட்கும் மீனவர்க்கு விடைசொல்ல, அந்த அறிவியலையும் கடலையும் ஒருங்கே அறிந்த ஒருவர் வேண்டும். அவர் இக்கரையிலிருந்தே வரலாம். ஒருவேளை, தாளில் கோடு போட்டுப் பார்த்த அந்தப் பெண்ணாகவே இருக்கலாம்.

அல்லது அவள் மெய்யாகவே மருத்துவத்தை விரும்பலாம், நமக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள ஒரே வழி, விண்ணப்பத்தை நிரப்பும் முன் ஒரு மாலையில் அவளோடு கடற்கரையில் அமர்ந்து, "உனக்கு எதைப் படிக்கும்போது நேரம் போவது தெரியவில்லை? அதைக்கொண்டு யாருக்கு என்ன செய்ய நினைக்கிறாய்?" என்று கேட்பதுதான். கேட்டபின், அவள் பேசி முடிக்கும்வரை நாம் வாய்திறவாதிருக்க வேண்டும். அந்த அமைதிக்காக, அதற்கு முன்னரே சற்று நேரம் குகையில் மண்டியிட்டுச் செபிப்பதும் நல்லது.