கதவுக்கு வெளியே ஒரு நாற்காலி



இந்த மாதத்திற்கு வேறொரு செய்தியை ஆயத்தம் பண்ணி வைத்திருந்தேன். ஆவியானவர் விடவில்லை. என்னைக் குறித்தே எழுது என்கிறார். எழுதுகிறேன்.

நம் சபையில் வளர்ந்த ஒரு மகள். தகப்பன் அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத் ஓட்டுகிறவர், தாய் எக்ஸ்போர்ட் கம்பெனியில் தையல். வடநாட்டில் பேர்பெற்ற ஒரு கல்வி நிலையத்தில் இவளுக்கு இடம் கிடைத்தபோது நாமெல்லாரும் கைதட்டி ஸ்தோத்திரம் சொன்னோமே! அந்தப் பிள்ளை லீவுக்கு வந்த இடத்தில், இனி போகமாட்டேன் என்று உட்கார்ந்துவிட்டாள். தாய் என் வீட்டுக்கு அழைத்து வந்தார்கள். (அவள் சம்மதத்தோடுதான் இதை எழுதுகிறேன்.)

"முதல் நாளே ரேங்க் என்னன்னு கேட்டாங்க பாஸ்டர். ரேங்க்கைச் சொன்னா எந்தக் கோட்டான்னு தெரிஞ்சிடும். அப்புறம் சர்நேம் என்னன்னாங்க. நமக்கு இனிஷியல்தானே? அதை விரிச்சு சொல்லச் சொன்னாங்க. அப்பா என்ன வேலைன்னாங்க. ஒரே வாரத்துல கூட இருந்த பொண்ணு வேற ரூமுக்கு மாத்திக்கிட்டா. லேப்ல குரூப் பிரிச்சா என்னை யாரும் சேர்க்க மாட்டாங்க. மார்க் வாங்கினாலும் கோட்டான்னுதான் பேரு."

தாய் அழுதார்கள். 2016-ல் ஹைதராபாத் பல்கலைக்கழகத்தில் ரோஹித் வெமுலா, அடுத்த வருஷமே டெல்லி ஜே.என்.யு.வில் படித்த நம் சேலத்துப் பிள்ளை முத்துக்கிருஷ்ணன். இவர்கள் மரணச் செய்தியை நாம் பேப்பரில் படித்து மடித்து வைத்தோம். அந்தத் தாய் மடித்து வைக்கவில்லை. "ரோஹித்தோட அம்மாவை டி.வி.யில பார்த்ததுல இருந்து எனக்குத் தூக்கமே இல்ல பாஸ்டர்" என்றார்கள்.

நான் என்ன சொன்னேன்? வழக்கமாகச் சொல்லுகிறதைத்தான் சொன்னேன். "மகளே, தானியேலும் பாபிலோனிலே படித்தவன்தானே. ஜெபம் பண்ணு, பொறுத்துக்கொள்."

"தானியேல் கூட மூணு பேர் இருந்தாங்க பாஸ்டர்" என்றாள்.

எனக்குப் பதில் வரவில்லை. அவள் தயங்கித் தயங்கி அடுத்ததையும் கேட்டாள். "அண்ணனுக்குப் பொண்ணு பார்க்கிற பயோடேட்டாவை என்கிட்டதானே டைப் பண்ணக் கொடுத்தீங்க? 'இரட்சிக்கப்பட்ட, அபிஷேகம் பெற்ற பெண் தேவை'ன்னு இருந்துச்சு. அதுக்கு மேல முதல் வரியில என்ன இருந்துச்சு பாஸ்டர்?"

முதல் வரியில் எங்கள் சாதியின் பெயர் இருந்தது, பிரியமானவர்களே. 24 வருஷமாய்ப் பிரசங்க பீடத்தில் நிற்கிறவன் கைப்பட எழுதிக் கொடுத்த வரி அது. எழுதியபோது கை நடுங்கவுமில்லை. 1950-ம் ஆண்டு குடியரசுத் தலைவர் ஆணைப்படி கிறிஸ்தவர்களுக்கு எஸ்.சி. அந்தஸ்து கிடையாது. கிறிஸ்தவத்தில் தீண்டாமை இல்லை என்று அதற்குக் காரணம் சொல்லுகிறார்கள். அப்படிச் சொல்லுகிறவர்கள் நம்மூர்க் கல்லறைத் தோட்டங்களையும் கல்யாண விளம்பரங்களையும் பார்த்ததில்லை போலும்!

அன்று இரவு தூக்கம் பிடிக்காமல், வில்லியம் சீமோரின் வரலாற்றை எடுத்தேன். எத்தனையோ முறை பிரசங்கித்த சரித்திரம்தான். அடிமைகளாயிருந்தவர்களின் மகன், கறுப்பர், ஒரு கண் தெரியாது. 1905-06 சமயத்தில் அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரில் சார்ல்ஸ் பர்ஹாம் என்ற வெள்ளைக்கார ஊழியர் நடத்திய வேதாகமப் பள்ளியில் படிக்க வந்தார். கறுப்பரும் வெள்ளையரும் ஒரே அறையில் உட்காரக்கூடாது என்பது அந்த நாட்களின் முறை. ஆகவே சீமோருக்கு நாற்காலி வெளியே. கதவைக் கொஞ்சம் திறந்து வைத்தார்கள், அவ்வளவுதான். அந்த இடுக்கு வழியாய்த்தான் பரிசுத்த ஆவியின் அபிஷேகத்தைப் பற்றிய உபதேசத்தை அவர் கேட்டார். 'ஆகா, என்ன தாழ்மை!' என்று நான் பிரசங்கித்திருக்கிறேன். உள்ளே சொகுசாய் உட்கார்ந்திருந்தவர்களைப் பற்றி ஒரு தரமும் பேசினதில்லை.

1906 ஏப்ரலில் லாஸ் ஏஞ்சல்ஸில் எழுப்புதல் தீ இறங்கியது அந்த வெளி நாற்காலிக்காரர் மூலமாக. அசூசா தெருவில் குதிரை லாயமாகவும் கிடந்த ஒரு பழைய கட்டடத்தில் கறுப்பரும் வெள்ளையரும் ஒருவர் அருகில் ஒருவர் முழங்காற்படியிட்டார்கள். அதே வருஷம் அங்கே வந்த பர்ஹாமுக்கு அதைச் சகிக்க முடியவில்லை, கண்டித்தார். அபிஷேகத்தைப் போதித்த அதே மனுஷர்! 1994-ல் மெம்பிஸ் நகரில் ஒரு வெள்ளைக்காரப் போதகர் கறுப்பினப் பிஷப்பின் கால்களைக் கழுவினாரே, அதற்குள் 88 வருஷம் ஓடிப்போயிற்று.

பேதுருவும் இப்படித்தான். கொர்நேலியுவின் வீட்டில் ஆவி இறங்கினதைக் கண்ணாரக் கண்டவர், அந்தியோகியாவில் ஆள் வந்ததும் பந்தியைவிட்டு விலகினார். பவுல் எல்லார் முன்னிலையிலும் முகத்துக்கு நேரே கேட்டுவிட்டான் (கலாத்தியர் 2-ம் அதிகாரம்). எனக்குப் பவுலாக வந்தவள் 19 வயதுப் பிள்ளை.

மறுநாள் நானே அவர்கள் வீட்டுக்குப் போனேன். மன்னிப்புக் கேட்டேன். தகப்பன் பதறி எழுந்து, "பாஸ்டர், நீங்க போய்..." என்றார். அந்தப் பதற்றமும் என்னைக் குத்தியது.

பிள்ளை திரும்பிப் போயிருக்கிறாள். கல்லூரிக்குக் கொடுக்க வேண்டிய புகாரை அவளும் தகப்பனும் நானுமாக உட்கார்ந்து எழுதினோம். வெறும் ஜெபம் போதும் என்று இந்த முறை நான் சொல்லவில்லை. தினமும் இரவு ஒன்பது மணிக்கு நம் வாலிபர் கூட்டத்திலிருந்து யாராவது ஒருவர் அவளுக்குப் போன் பண்ணிப் பேசுகிறார்கள். அந்த முறையில் இன்னும் மூன்று நாட்களுக்கு ஆள் வேண்டும். விருப்பமுள்ளவர்கள் ஞாயிறு ஆராதனை முடிந்ததும் என்னைப் பாருங்கள்.

பயோடேட்டாவின் முதல் வரியை அடித்துவிட்டேன். மகனுக்குச் சந்தோஷம். என் மனைவி இன்னும் அந்தக் காகிதத்தைக் கையில் வாங்கவில்லை. எங்கள் வீட்டுக்காக ஜெபித்துக்கொள்ளுங்கள்.