ஒப்பமில்லாத தட்டு

ஜப்பானின் மஷிகோ என்னும் சிற்றூரில் சூளை அமைத்து, 1978-இல் மறையும்வரை மண்ணோடு வாழ்ந்த ஹமதா ஷோஜி, தாம் வனைந்த அகன்ற தட்டின்மீது அகப்பையால் மெருகுக் குழம்பை ஒரே வீச்சில் வார்த்துக் கோலமிடுவார். மண் அதனை உடனே உறிஞ்சிக்கொள்வதால், கோடு எங்கே தடிக்கும், எங்கே மெலியும் என்று நின்று யோசிக்க அவகாசமில்லை. தூரிகையால் தீட்டுவதன் கதி இன்னும் விசித்திரமானது. காவி வண்ணத்தில் தீட்டிய புல்லிதழின்மீது சாம்பலும் களியும் கற்பொடியும் கலந்த குழம்பைப் பூசியவுடன், சுண்ணாம்படித்த சுவர்ச் சித்திரம்போல அது மறைந்துபோகிறது. தீட்டியவரே தம் சித்திரத்தைக் காணாமல்தான் தட்டைச் சூளையில் அடுக்குகிறார். சுமார் 1,250 பாகை செல்சியஸ் வெப்பத்தில் பூச்சு உருகிக் கண்ணாடியான பின்னரே உள்ளிருந்த கோடு கருமையாகவோ பழுப்பாகவோ வெளிப்படுகிறது. தாமிரம் கலந்த பூச்சானால், காற்று தாராளமாகப் புகுந்த சூளையில் பச்சையாகவும், காற்றொடுங்கிய சூளையில் செம்மையாகவும் மாறக்கூடும்.

அங்ஙனமாயின், அத்தட்டின் அழகுக்குக் கர்த்தா யார்?

ஹமதாவின் தோழரும், 1936-இல் தோக்கியோவில் நாட்டுக் கைவினைகளுக்கென ஒரு காட்சிசாலை கண்டவருமான யனகி சோஎத்ஸு, இதற்குப் பௌத்தத்தில் விடை தேடினார். தன் பலத்தால் கடைத்தேறும் மார்க்கத்தை ஜிரிகி என்றும், அமிதாப புத்தரின் கருணையையே பற்றி உய்யும் மார்க்கத்தைத் தரிகி என்றும் அங்கே வழங்குவர். பெயரறியாக் குயவர்களின் எளிய பாண்டங்களில் யனகி கண்டது பின்னதையே. தாயைத் தானே பற்றிக்கொள்ளும் குரங்குக் குட்டியையும், தாய் கவ்விச் செல்லும் பூனைக் குட்டியையும் காட்டி நம் வைஷ்ணவ சம்பிரதாயத்தில் நிகழ்ந்த வாதத்தை அறிந்தவர்களுக்கு இவ்வினா அந்நியமானதன்று.

ஆனால் அந்தத் தட்டை எண்ணும்போது, இவ்விரு மார்க்கங்களும் எனக்குப் பகையாகத் தோன்றவில்லை. ஆயிரம் தட்டுகளில் பழகிய கைதான் அடுத்த தட்டில் 'நான் வரைகிறேன்' என்ற நினைவின்றி அசைகிறது; பழகாத கை தன்னை விட்டுவிடுமானால் அதற்குச் சரணாகதி என்று பெயரில்லை, அசிரத்தை என்றே பெயர். சாதனையால் அருளை விலைக்கு வாங்க முடியாது என்பது உண்மை. எனினும், அருள் வரும் வழியில் குறுக்கே நில்லாதிருக்கும் பக்குவத்தை அந்தச் சாதனையே நமக்குத் தருகிறது. சூளையின் வாயை அடைத்தபின் குயவர் செய்யும் காத்திருப்பு, அவருடைய உழைப்பின் கடைசிப் பகுதியேயாகும்.

ஹமதா தம் பாண்டங்களில் ஒப்பமிடுவதை விட்டுவிட்டார். அதனை வெறும் அடக்கமென்று கொள்ள என் மனம் ஒருப்படவில்லை. மண்ணும் சாம்பலும் நெருப்பும் கூடிச் செய்த ஒன்றின் அடியில் ஒருவர் மட்டும் பெயர் பொறிப்பது சத்தியமாகாது என்பதையே அந்த வெற்றிடம் எனக்குச் சொல்கிறது.