அண்ணன் உள்ளே போனானா?

ராஞ்சியில் நான் பணியாற்றிய காலத்தில், 2004-ஆம் ஆண்டு பிப்ரவரி மாத இறுதியில், அலுவலக நண்பர் ஒருவர் நெற்றியில் சாம்பலுடன் வேலைக்கு வந்தார். அவர் உராவ்ன் பழங்குடியைச் சேர்ந்த கத்தோலிக்கர். "என்ன, நீங்களும் விபூதி அணியத் தொடங்கிவிட்டீர்களா?" என்று வேடிக்கையாகக் கேட்டேன். "சாலீஸா தொடங்கிவிட்டது" என்றார். ஹனுமான் சாலீஸாவை மட்டுமே அறிந்திருந்த எனக்கு முதலில் ஒன்றும் விளங்கவில்லை. தமிழ்க் கிறிஸ்தவர்கள் தவக்காலம் என்றும் லெந்து நாட்கள் என்றும் சொல்வதை ஹிந்தி பேசும் கத்தோலிக்கர்கள் 'சாலீஸா காலம்' என்கிறார்கள். இரண்டிலும் அடிப்படை நாற்பது என்னும் எண்தான். அங்கே நாற்பது பாடல்கள், இங்கே நாற்பது நாட்கள். ஞாயிற்றுக்கிழமைகளை நோன்புக் கணக்கில் சேர்ப்பதில்லை. ஆகவே திருநீற்றுப் புதன் முதல் உயிர்ப்புப் பெருவிழாவுக்கு முந்தைய நாள் வரை எண்ணினால் நாற்பத்தாறு வரும். நெற்றியில் இடும் அந்தச் சாம்பல், முந்தைய ஆண்டு குருத்தோலை ஞாயிறன்று ஏந்திய ஓலைகளை எரித்து எடுப்பது.

அந்த நாட்களில் வாரம் ஒருநாள் மாலை அவர் வீட்டில் எட்டுப் பத்துப் பேர் கூடி, வரும் ஞாயிற்றுக்கிழமை ஆலயத்தில் படிக்கப்படவிருக்கும் நற்செய்திப் பகுதியை வாசிப்பார்கள். "நீங்களும் வாருங்களேன்" என்று அழைத்தார்.

சற்றுத் தயங்கினேன். பிறகு 1926-இல் அகமதாபாத்தில் நடந்தது நினைவுக்கு வந்தது. குஜராத் வித்யாபீடத்து மாணவர்கள் காந்தியடிகளை அணுகித் தங்களோடு வாரந்தோறும் சிறிது நேரம் செலவிடுமாறு கேட்டார்கள். எதை வாசிக்கலாம் என்று அவர் வினவ, பெரும்பாலோர் புதிய ஏற்பாட்டைத் தேர்ந்தெடுத்தார்கள். உடனே கண்டனக் கடிதங்கள் குவிந்தன. கீதை இருக்கப் பைபிள் எதற்கு என்றும், இவர் மறைமுகக் கிறிஸ்தவரோ என்றும் கேட்டார்கள். பிற சமயங்களின் நூல்களை அனுதாபத்தோடு கற்பது பண்பட்ட ஒவ்வொருவரின் கடமை என்ற கருத்தில் அவர் 'யங் இந்தியா'வில் பதில் எழுதினார். வாசிப்பை நிறுத்தவில்லை என்பதைவிட, தனியே அறையில் அமர்ந்து வாசித்துக்கொண்டிருந்த நூலை மாணவர்களோடு சேர்ந்து வாசிக்க முன்வந்தார் என்பதே என்னைக் கவர்ந்தது. தனியே வாசிப்பதும் சேர்ந்து வாசிப்பதும் ஒரே செயல்தானா? அந்த மார்ச் மாதத்து மாலை ஒன்றில்தான் எனக்கு இந்தக் கேள்வி உறைத்தது.

அவர்களுடைய முறை எளிமையானது. தென்னாப்பிரிக்காவில் லும்கோ என்ற மறைப்பணி மையத்தில் உருவாகி, பின்னர் ஆசிய நாடுகளிலும் பரவிய 'ஏழு படி' முறை அது என்று பிற்பாடு அறிந்தேன். பகுதியை ஒருவர் உரக்கப் படிப்பார். சிறிது மௌனம். மனத்தைத் தொட்ட சொல்லை அவரவர் எடுத்துச் சொல்வார்கள். மீண்டும் ஒருவர் படிப்பார். பிறகு அந்தச் சொல் ஏன் தொட்டது என்று, விரும்பினால், பேசலாம். ஒருவர் சொன்னதை மற்றவர் மறுக்கக் கூடாது, போதிக்கவும் கூடாது. சொற்பொழிவாற்றிப் பழகிய என்னைப் போன்றவருக்கு இந்த இரண்டாவது விதி பெரும் தவம்!

கத்தோலிக்கத் திருச்சபையின் ஞாயிறு வாசகங்கள் மூன்றாண்டுச் சுழற்சியில் வருவன. 2004 லூக்கா நற்செய்திக்குரிய ஆண்டு. தவக்காலத்தின் நான்காம் ஞாயிற்றுக்கு அவ்வாண்டு வருவது பதினைந்தாம் அதிகாரம். இளைய மகன் தந்தை உயிரோடிருக்கும்போதே தன் பாகத்தைக் கேட்டு வாங்குகிறான், தூரதேசம் சென்று அழிக்கிறான், பஞ்சம் வருகிறது, பன்றி மேய்க்கும் நிலைக்கு வருகிறான், திரும்புகிறான், தந்தை ஓடிச்சென்று தழுவிக்கொள்கிறார், கொழுத்த கன்றை அடித்து விருந்து நடக்கிறது. வயலிலிருந்து வந்த மூத்தவன் கோபங்கொண்டு வெளியிலேயே நிற்கிறான். இக்கதையை நான் பலமுறை படித்திருந்தேன். இறைவனின் கருணைக்கு உதாரணமாக மேடைகளில் எடுத்தாண்டும் இருக்கிறேன்.

ஆனால் அன்று அந்த அறையில் இருந்தவர்கள் கேட்டது வேறொரு கதை. பன்றி மேய்த்ததில் என்ன இழிவு என்று ஒரு முதியவருக்குப் புரியவில்லை. அவர்கள் கிராமங்களில் வீட்டுக்கு வீடு பன்றி உண்டு. யூதர்களுக்கு அது விலக்கப்பட்ட விலங்கு என்று விளக்கியபோது சிரித்தார்கள். அவர்களை அதிர வைத்தது இன்னொன்று. இளையவன் தன் பங்கைத் திரட்டி எடுத்துக்கொண்டு போனான் என்று நூல் ஒரு வரியில் சொல்லிவிடுகிறது. "அப்படியென்றால் நிலத்தை விற்றுவிட்டானா?" என்றார் அந்த முதியவர். அறை சற்று நேரம் அமைதியாயிற்று. சோட்டா நாக்பூரில் நிலம் என்பது வெறும் சொத்து அன்று. பிர்ஸா முண்டாவின் கிளர்ச்சி எழுந்ததே நிலம் பறிபோனதால்தான். பழங்குடியினரின் நிலம் கைமாறுவதைத் தடுக்க 1908-இல் தனிச்சட்டமே வந்தது. மதுவும் களியாட்டமும் அவர்களுக்குப் பிழையாகத் தோன்றின. நிலம் போனதுதான் பாவமாகத் தோன்றியது. ஓர் இளம்பெண், "அந்த வீட்டில் அம்மாவே இல்லையா?" என்று கேட்டாள். யாரும் பதில் சொல்லவில்லை. நூலிலும் பதில் இல்லை.

என் முறை வந்தபோது, விதியை மறந்து, கீதையின் ஒன்பதாம் அத்தியாயத்தை எடுத்துரைத்தேன். மிகக் கொடிய நடத்தை உடையவனும் பகவானை அனன்ய பக்தியோடு அடைந்தால் நல்லவனாகவே கருதத்தக்கவன் என்று கண்ணன் சொல்கிறானே, இரண்டும் ஒன்றல்லவா என்றேன். நண்பர் பணிவோடு தலையசைத்துவிட்டு, "ஆம். ஆனால் அவனுடைய அண்ணனைப் பற்றி அங்கே என்ன சொல்லியிருக்கிறது?" என்று கேட்டார். மறுப்பதற்காக அவர் கேட்கவில்லை. உண்மையாகவே அறிய விரும்பினார். என்னிடம் விடை இல்லை. 'எங்கள் நூலிலும் இது இருக்கிறது' என்று சொல்வது பெரும்பாலும் சமரச உணர்வாகத் தோன்றுகிறது. சில வேளைகளில், முன்னால் இருக்கும் நூல் கேட்கும் கேள்வியிலிருந்து நழுவுவதற்கான மரியாதையான வழியும் அதுவே.

அப்போதுதான், அதுவரை தேநீர் கொடுத்துவிட்டுக் கதவருகே அமர்ந்திருந்த நண்பரின் மனைவி பேசினார். என்னை 'பையா', அதாவது அண்ணா, என்றுதான் அழைப்பார். "அண்ணா, இவருடைய தம்பி தன் பங்கு நிலத்தைக் காகிதம் ஏதுமில்லாமல் ஒற்றி வைத்துவிட்டு அஸ்ஸாமுக்குப் போனான். ஆறு வருடம் கழித்து வெறுங்கையோடு வந்தான். அன்றைக்கு இவர் ஆடு அடித்து ஊரைக் கூப்பிட்டார். அது நான் வளர்த்த ஆடு. பெண்ணின் பள்ளிக் கட்டணத்துக்கென்று வைத்திருந்தேன். என்னை யாரும் கேட்கவில்லை. சமைத்தேன், சாப்பிடவில்லை" என்றார். நண்பர் தரையையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர்கள் திருமணமாகி இருபது ஆண்டுகளுக்கு மேலாகியிருந்தது. இந்தச் செய்தி அவர் செவியில் விழுந்தது அன்றுதான் முதன்முறை என்று நினைக்கிறேன். "இப்போது அவன்தான் எங்கள் வயலையும் உழுகிறான். நல்லவன்தான். ஆனாலும் அந்த ஆட்டை நினைத்துக்கொள்வேன்" என்று முடித்தார்.

அன்று இரவு வீட்டுக்கு வந்து மறுபடியும் நூலைப் புரட்டினேன். தந்தை பாகத்தை இருவருக்குமே பிரித்துக் கொடுத்துவிட்டார் என்று இருக்கிறது. மூத்தவனுக்கு இரட்டிப்புப் பங்கு என்பது மோசேயின் சட்டம். இளையவன் தன்னுடையதை அழித்தாயிற்று. மீதமிருப்பதெல்லாம் மூத்தவனுடையதே என்று தந்தையே பின்னால் சொல்கிறார். அப்படியானால் அடிக்கப்பட்ட கன்று யாருடையது? விரலில் அணிவித்த மோதிரம் யாருடையது? விருந்து தொடங்கும்முன் வயலுக்கு ஆளனுப்பி அவனை யாரும் அழைக்கவுமில்லை. ஆடலும் பாடலும் காதில் விழுந்த பிறகு, ஒரு வேலைக்காரனைக் கேட்டுத்தான் அவன் விவரம் அறிகிறான். ஒருவர் மன்னிக்கும்போது அதற்கான விலையை வேறொருவர் கொடுக்க நேர்வது உண்டு. கருணையைப் போற்றும் நாம் இதை எளிதில் மறந்துவிடுகிறோம். மூத்தவனைப் பொறாமைக்காரன் என்று ஒதுக்கி மேடையில் கைத்தட்டல் வாங்கிய எனக்கு வெட்கமாக இருந்தது.

ஆனாலும் கதை அங்கே நிற்கவில்லை. மூத்தவனின் புகாரில் ஒரு சொல்லைக்கூடத் தந்தை மறுக்கவில்லை. இளையவனை எதிர்கொள்ள வாசலைத் தாண்டி ஓடியவர், இவனுக்காகவும் விருந்தை விட்டு வெளியே வந்து கெஞ்சுகிறார். இத்தனை ஆண்டுகள் அடிமைபோல் உழைத்தேன், நண்பர்களோடு மகிழ ஓர் ஆட்டுக்குட்டியேனும் கொடுத்ததுண்டா என்கிறான் அவன். இங்கேதான் எனக்கு ஒன்று பிடிபட்டது. இளையவன் திரும்பி வரும்போது, தன்னைக் கூலியாளாக வைத்துக்கொள்ளும்படி கேட்பதென்று வழியெல்லாம் ஒத்திகை பார்த்து வருகிறான். மூத்தவன் வீட்டிலிருந்தபடியே தன்னை அடிமை என்று எண்ணியிருக்கிறான். ஓடிப்போனவனும் ஓடாமலிருந்தவனும் அந்த வீட்டைக் கூலிக் கணக்காகவே புரிந்துகொண்டிருக்கிறார்கள். பலனைக் கருதாத கர்மத்தைப் பற்றி நாம் எத்தனையோ முறை கேட்டிருக்கிறோம். கடமையைப் பிசகாமல் செய்துகொண்டே, உள்ளுக்குள் ஒவ்வொரு நாளும் பற்று எழுதிக்கொண்டிருக்கும் மனிதனை அந்த உபதேசம் எப்படிப் பார்க்கும் என்று நான் எண்ணிப் பார்த்ததில்லை. அவனுடைய கணக்கு சரியாகவே இருக்கலாம். சரியான கணக்கைக் கையில் பிடித்தபடி அவன் வெளியே நிற்கிறான்.

இவற்றையெல்லாம் தனியே படித்துக் கண்டிருக்க முடியாதா என்று கேட்கலாம். முடியும், ஆனால் இருபது ஆண்டுகளாக நான் காணவில்லையே! தனியே படிப்பவனுக்கு ஒரு வசதி உண்டு. கதையில் தான் யாராக இருப்பது என்பதை அவனே தேர்ந்துகொள்கிறான். நான் எப்போதும் தந்தையின் பக்கத்திலேயே நின்று கொண்டிருந்தேன். அருகில் ஒருவர் தன் ஆட்டைப் பற்றிப் பேசும்போது அந்த இடம் நமக்கு நிலைப்பதில்லை. சிரவணம் முதலில், பிறகே மனனம் என்று நம் முன்னோர் வைத்த வரிசைக்கு இதுவும் ஒரு காரணமாக இருக்குமோ என்று தோன்றுகிறது. கேட்பதற்கு இன்னொருவர் வேண்டும்.

கூடினாலே நன்மை விளைந்துவிடும் என்றும் சொல்வதற்கில்லை. அடுத்த வாரத்து வாசகம் யோவான் நற்செய்தியிலிருந்து வந்தது. விபசாரத்தில் பிடிபட்ட பெண்ணைக் கல்லெறிவதற்கு இழுத்து வந்தவர்களும் கூடி வந்தவர்களே, அவர்கள் கையிலும் வேதத்தின் வரி இருந்தது. கலைந்து போகும்போது மட்டும் ஒவ்வொருவராக, முதியவர்கள் முதலில், போனார்கள். நண்பர் வீட்டில் கூடியவர்கள் எவரும் பிறர்மேல் எறிவதற்கென்று வரியைத் தேடவில்லை. வேறுபாடு அவ்வளவுதான் என்று நினைக்கிறேன்.

மூத்தவன் சொன்ன சொற்களில் ஒன்று மட்டும் என்னை விடவில்லை. அவன் 'என் தம்பி' என்று சொல்வதில்லை. தந்தையிடம், உம்முடைய மகன் என்கிறான். தந்தையோ பதிலில் அவனை உன் சகோதரன் என்று திருத்துகிறார். அவ்வளவோடு கதை முடிகிறது. மூத்தவன் உள்ளே போனானா என்று லூக்கா எழுதவில்லை.

எனக்கும் ஒரு தம்பி இருக்கிறான். பூர்வீக வீட்டில் அவன் செய்த ஒரு காரியத்தால் அப்போது நாங்கள் பேசி பதினொரு ஆண்டுகள் ஆகியிருந்தன. தவறு அவனுடையதுதான். அதில் எனக்கு இன்றும் ஐயமில்லை, அந்த வழக்கும் முழுமையாகத் தீர்ந்துவிடவில்லை. வாரந்தோறும் ஊருக்குத் தொலைபேசியில் பேசும்போது, அம்மாவிடம் "உன் பிள்ளை வந்தானா?" என்று கேட்பது என் வழக்கம். அந்த ஞாயிற்றுக்கிழமை, "தம்பி எப்படி இருக்கிறான்?" என்று கேட்டேன்.

மறுமுனையில் சிறிது நேரம் பேச்சில்லை. பிறகு அம்மா, "எந்தத் தம்பி?" என்றாள்.